கூறைப் புடவையில் ரப்பர் பால்

மாரியம்மன் கோயிலுக்குப் போகும் செம்மண் பாதையில் பெரியம்மா தாம்பாளம் ஏந்தி முன்னால் நடக்கிறாள். தாம்பாளத்தில் மடித்து வைத்த சிவப்புப் பட்டு. அதன்மேல் மஞ்சள், வெற்றிலை, நடுவில் ஓர் எலுமிச்சம்பழம். அவளுக்குப் பின்னால் பாக்கியம் அக்கா. அக்காவுக்குப் பின்னால் நான், கையில் சூடத்தட்டு.

மறுநாள் காலை அக்காவுக்குக் கல்யாணம். கூறைப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் முன்னதாகவே அனுப்பிவிடுவார்கள். பெண் வீட்டார் அதை அம்மன் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் பெண்ணுக்குக் கட்டுவார்கள். மலாயாவில் பத்து காஜா பக்கத்தில் இருந்த எங்கள் பெரியப்பாவின் ரப்பர் தோட்டத்து லயத்தில் அதுதான் வழக்கம்.

எதிரே பெரியப்பா வருகிறார். கல்யாணம் நாளைக்குத்தானே, இன்றைய வெட்டை எதற்கு விடுவது என்று விடியுமுன்பே மரம் சீவப் போனவர். தோளில் காண்டாக் கம்பு, கம்பின் இரு முனையிலும் வாளி, வாளி தளும்ப ரப்பர் பால். அந்தப் பாரத்தோடு யாரும் நடக்க மாட்டார்கள், ஓட்டம்தான். ஓடி வந்தவர் புடவையைக் கண்டதும் அம்மனுக்கே வழிவிடுகிறவர்போல் பக்தியோடு ஒதுங்கினார். கம்பு சுழன்றது. பின்வாளி கோயில் அரசமரத்தில் இடித்தது.

கையகலப் பால் எகிறி வந்து தாம்பாளத்தில் விழுந்தது.

அப்போதுகூட ஒன்றும் முழுகிவிடவில்லை. பெரியம்மா அடுத்துச் செய்ததுதான் வினை. மடியிலிருந்த பாக்குவெட்டியை உருவி, அம்மனுக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி, பால் விழுந்த இடத்தில் பரபரவென்று தேய்த்தாள்.

"அடியே! அடியே! புளிப்பப் போடாதடி!" என்று பெரியப்பா வாளிகளை இறக்கிவிட்டு ஓடிவந்தார்.

"எல்லாக் கறையும் எடுக்கிற பழம்லா இது? நீங்க சும்மா இருங்க!"

"ரப்பர் ஸ்டோர்ல பால எப்பிடிடி கட்ட வைக்கிறோம்? ஆசிட்டு ஊத்தித்தானே?"

"ஆசிட்டு வேற, எலுமிச்ச வேற!"

வேறில்லை. எங்கள் கண்ணெதிரே அந்தப் பால் திரிதிரியாகத் திரண்டு, பட்டின் இழைகளைக் கவ்விக்கொண்டு, வெள்ளைத் தோலாக உட்கார்ந்துவிட்டது. பரம்பரையாக ரப்பர் பாலைப் புளிப்பூற்றிக் கட்டவைத்துப் பிழைக்கிற குடும்பம், தன் வீட்டுக் கூறைப் புடவையிலும் அதே வேலையைப் பிசகில்லாமல் செய்து முடித்தது.

இந்த வயதில் என்ன நினைவுக் குறிப்பு?

"நினைவுக் குறிப்பு எழுத இந்தப் பெண்ணுக்கு அப்படி என்ன வயதாகிவிட்டது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தலையில் இன்னும் ஒரு நரைகூட இல்லை. ஆனால் பாருங்கள், அந்தத் தோட்டத்தின் பாதி இன்று வெள்ளீயத்துக்காகத் தோண்டிப் போட்ட குளமாகக் கிடக்கிறது. கோயிலை மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் கண்டதே எனக்கு முன்னால் மறைந்துகொண்டிருக்கும்போது, நரைக்கும்வரை எங்கே காத்திருப்பது?

எங்கள் வீடு ஈப்போ சிலிபினில். அப்பா தோட்டத்தை விட்டு வந்து சைக்கிள் பழுது பார்க்கும் கடை போட்டவர். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாதி, கடையில் ஒரு பாதி. ட்யூப் ஒட்டத் தெரிந்த பெண் சிலிபினில் நான் ஒருத்திதான். "இதுக்கு மாப்பிள்ள தேடுறப்ப சைக்கிள்காரனாப் பாரு லா" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

பள்ளி விடுமுறை விட்டால் பெரியம்மா வீடு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூண்டின் வீச்சமும் ஈரமண் வாசமும் கலந்த அந்த ஒற்றை அறையில், பாக்கியம் அக்காவின் பாயில் பாதி எனக்கு. அந்தப் பாதிப் பாயில் கிடந்துதான் அக்காவின் கல்யாணக் கதை முழுவதையும் கேட்டேன்.

சீனித் தண்ணீரும் பால் தண்ணீரும்

அந்த வருடம் எனக்குக் கரைசல் பைத்தியம். வகுப்பில் ஒருநாள் உப்பைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார்கள். அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் அதோடு விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து கண்ணில் பட்டதையெல்லாம் தண்ணீரில் போட ஆரம்பித்தேன். சீனி கரைந்தது. வெல்லம் கரைந்தது. சூடம் மிதந்தது. மஞ்சள்தூள் தண்ணீருக்குச் சாயம் பூசிவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதே சூடத்தைத் தேங்காயெண்ணெயில் போட்டேன். இருந்த இடம் தெரியவில்லை. அதே எண்ணெயில் உப்பைப் போட்டேன்; கல்லாகக் கிடந்தது.

அம்மாவுக்கு எண்ணெய் போனதில் வருத்தம். எனக்கோ அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. தண்ணீர் எதையும் கரைக்கும், கரையாதது அடம்பிடித்த பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. தண்ணீரும் ஆள் பார்க்கிறது, எண்ணெயும் ஆள் பார்க்கிறது.

நான் புரிந்துகொண்டதை என் வழியில் சொல்கிறேன்; படித்த பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். தண்ணீரின் துளிகளுக்குள் துளிகள் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு நிற்கின்றன, கும்மியடிக்கிற பெண்கள்போல. வட்டத்துக்குள் நுழைய வேண்டுமானால் நாமும் கை நீட்ட வேண்டும். சீனிக்கும் உப்புக்கும் நீட்டக் கை இருக்கிறது. தண்ணீர் பிடித்து இழுத்துக்கொள்கிறது. பிறகு எது சீனி, எது தண்ணீர் என்று கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய்க்கும் சூடத்துக்கும் ரப்பருக்கும் நீட்டக் கை இல்லை. வட்டம் அவற்றை வெளியே தள்ளிவிட்டுத் தன் பாட்டுக்கு ஆடுகிறது. வெளியே தள்ளப்பட்டவை தங்களுக்குள் சேர்ந்துகொள்கின்றன.

சரி, ரப்பர் பாலில் தண்ணீர் ஊற்றினால் கலக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் முதலில் அதையே நினைத்து ஏமாந்தேன். கலப்பது வேறு, கரைவது வேறு. சீனி கரைந்த தண்ணீரின் வழியே எதிரில் இருப்பவர் முகம் தெரியும். பாலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முகம் தெரியாது. கரையாத ரப்பர்ப் பொடிகள், ஒவ்வொன்றும் ஒரு சட்டை போட்டுக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. புளிப்புப் பட்டால் சட்டை கழன்றுவிடும். பிறகு ஒட்டிக்கொண்டதை எந்த ஆற்றில் அலசினாலும் பிரிக்க முடியாது.

பெரியம்மாவின் எலுமிச்சம்பழம் கழற்றியது அந்தச் சட்டையைத்தான்.

சித்தியவான் சம்பந்தம்

மாப்பிள்ளை முத்தையா, சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் புகைக்கூண்டு வேலை. கோயில் திருவிழா ஒன்றில் அக்காவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாராம். அதற்குப் பிறகு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் அக்கா தலையாட்டவில்லை. "ஒன்னு சித்தியவானு, இல்லேன்னா காலம்பூரா மரஞ்சீவுற கத்தியே எனக்குப் போதும்" என்று ஒரே பிடி. ஏறக்குறைய இரண்டு வருட இழுபறி.

இழுத்தது மாப்பிள்ளையின் தாயார். சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச பேராக் சீமையிலேயே ஆள் இல்லை என்று பேச்சு. மூத்த மகனுக்கு நிச்சயம் நடந்த அன்று பெண் வீட்டுக் குத்துவிளக்கு காற்றில் அணைந்துபோனது. தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு 'வெளக்கணஞ்ச பொண்ணு' என்ற பெயர் இன்றுவரை போகவில்லை.

இப்போது புரிகிறதல்லவா? நாகப்பட்டினத்துக் கப்பலில் அவர் ஆசையோடு வரவழைத்த கூறைப் புடவை. நாளைக் காலை அவர் வந்து இறங்கியதும் முதலில் பார்க்கப்போவது அதைத்தான். அதன் முந்தானைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகல வெள்ளைத் தோல்.

அக்கா அழவில்லை. கோயில் படியில் உட்கார்ந்து, புடவையை மடியில் போட்டுக்கொண்டு, கறையைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

சிவந்த விரல்கள்

"தண்ணித் தொட்டிக்குக் கொண்டா! சவுக்காரம் போட்டு நாலு கும்மு கும்முனா எல்லாம் போயிரும்" என்று பெரியம்மா புடவையைப் பிடுங்கினாள்.

எனக்கு அவள் கை கண்ணில் பட்டது. எலுமிச்சைச் சாற்றில் நனைந்த விரல் நுனிகள் மருதாணி இட்டதுபோல் சிவந்திருந்தன.

"பெரியம்மா! நில்லுங்க! ஒங்க வெரலப் பாருங்க!"

"என்னடி வெரலு?"

"சாயம் தண்ணில கரையுது. தொட்டில முக்குனீங்க, செவப்புப் பூராவும் தண்ணியோட போயிரும். ரப்பரு மட்டும் அப்பிடியே நிக்கும். போக வேண்டியது போகாது, நிக்க வேண்டியது நிக்காது!"

"அப்ப என்னடி செய்யச் சொல்ற? படிச்சவதானே, சொல்லு!"

எனக்கும் சட்டென்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: ரப்பருக்குத் தண்ணீர் ஆகாது, அதற்கு எண்ணெய் வகையில்தான் உறவு இருக்க வேண்டும்.

"பெரியம்மா, பலாப்பழம் அறுத்தா கையில பிசினு ஒட்டிக்கிதுல? எத வச்சு எடுப்பீங்க?"

"தேங்காயெண்ணெய்."

"ஏன் தண்ணிய ஊத்திக் கழுவ மாட்டீங்க?"

"தண்ணிக்குப் போவாதுடி அது. இதென்ன கேள்வி?"

"அதேதான் இதுவும்!"

"அது பலா. இது ரப்பரு. அதுக்காகப் பட்டுல தேங்காயெண்ணெய ஊத்தச் சொல்றியா? ரப்பர் போயி எண்ணெக்கற நிக்கவா?"

சொன்னது சரி. எண்ணெய் கரைக்கும், ஆனால் கரைத்தபின் போகாது. கரைக்கவும் வேண்டும், காற்றில் பறந்தும் போக வேண்டும். அப்படி ஒன்று...

சட்டென்று எங்கள் கடை வாசம் மூக்கில் அடித்தது. ட்யூப் ஒட்டுகிற பசை! தகரக் குப்பியிலிருந்து பிதுக்கித் தடவி, வாயால் ஊதினால், வாசமெல்லாம் பறந்து ரப்பர் மட்டும் தங்கும் அந்தப் பசை. ரப்பர் எதில் கரைந்து அந்தக் குப்பிக்குள் போனதோ அதன் வாசம் எனக்குத் தெரியும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் போகும் பாதையெல்லாம் அதே வாசம்தான்.

"பெட்ரோல்!" என்று கத்தினேன்.

பெரியப்பா அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

சூசை அண்ணன்

துரையின் கார் ஓட்டியவர் சூசை அண்ணன். கார் கொட்டகையில் பித்தளை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்தார்.

"எம்மா சரசு, கல்யாணப் பொடவைக்கா பெட்ரோலு? நாளைக்கி ஓமகுண்டம் வளக்கப் போறீங்க. பொடவ பத்திக்கிட்டா பொண்ணு மிஞ்சுமா, பொக மிஞ்சுமா?"

"பெட்ரோல் பறந்து போயிரும் அண்ணே! வெயில்ல காயப்போட்டா ஒன்னுமே மிஞ்சாது. ரப்பரு இதுல கரையுமா, சொல்லுங்க."

"கரையுமாவா? போன மாசம் ரப்பர்க் குழாய பெட்ரோல் டின்னுல மறந்து போட்டுட்டேன் லா. மறுநாளு எடுத்தா ஆனைக்காலு மாதிரி வீங்கிக் கெடக்கு. தொட்டா பிச்சுக்கிட்டு வருது."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஒரு மங்குக்கு மேல தரமாட்டேன்" என்றார். மரத்தில் பால் வடிகிற பீங்கான் கிண்ணத்துக்குத் தோட்டத்தில் மங்கு என்று பெயர். "அடுப்புப் பக்கம் போனீங்க, நாளைக்கிக் கல்யாணம் நடக்காது, வேற காரியந்தான் நடக்கும். லயத்துல அத்தன அடுப்பு எரியிது. இங்கயே, வெட்டவெளியில வச்சுச் செய்யிங்க."

இரண்டு மங்கு

கொட்டகைக்கு வெளியே புல்தரையில் கல்யாணப் பாயை விரித்தோம். இதற்குள் கறை வெயிலில் காய்ந்து வெள்ளை மாறிப் பழுப்பாகி, பூனையின் கண்போல் மினுங்கியது. லயத்துப் பெண்கள் பாதிப் பேர் சமையலை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு நூல் பிரித்தேன். ஒரு மங்கில் தண்ணீர், ஒரு மங்கில் பெட்ரோல். இரண்டிலும் ஒவ்வொரு நூலை விட்டேன்.

தண்ணீருக்குள் மெல்லிய சிவப்புப் புகை ஒன்று நூலிலிருந்து இறங்கி, வளைந்து, அடியில் பரவியது. கொஞ்ச நேரத்தில் மங்கு முழுக்க ரோஜா நிறம். பெட்ரோலில் நூல் கிடந்தது. சுற்றிலும் கண்ணாடித் தெளிவு. மங்கின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.

எல்லோரும் மங்குகள்மேல் குனிந்தார்கள். சூசை அண்ணன்தான் மெதுவாக, "சேசுவே" என்றார்.

"நூலுக்குச் சரி" என்றாள் பெரியம்மா. "பொடவைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? வேணாம்டி. கறைய மடிப்புக்குள்ள மறச்சுக் கட்டிப்புடுவோம்."

"அந்தம்மா மடிப்ப விரிச்சுப் பாக்கும்" என்றார் பெரியப்பா.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா இரண்டு மங்கையும் பார்த்தாள். பிறகு என்னை.

"ஏண்டி சரசு, ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்க்கா" என்றேன்.

"எம் பொடவ. எந் தங்கச்சி சொல்றா" என்றாள். "ஊத்துடி."

கந்தைத் துணி ஒன்றைப் பெட்ரோலில் நனைத்துக் கறையில் ஒற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஒற்றினேன். அப்போதும் இல்லை. பெரியம்மா முணுமுணுக்கத் தொடங்கினாள். மூன்றாம் முறைக்குப் பிறகு அந்தப் பழுப்புத் தோல் மெல்ல ஊதியது, நனைந்த அப்பளம்போல். பெருவிரலால் ஓரத்தைத் தள்ளினேன். சுருண்டது. சுருண்டு, உருண்டு, விரலோடு வந்தது. இழைக்குள் புகுந்திருந்ததைத் துணி குடித்தது. பட்டு அப்படியே சிவப்பாக நின்றது.

அக்கா அப்போதுதான் அழுதாள். "பொடவைல விழப்போவுது, தள்ளி நின்னு அழுவு! கண்ணீரும் தண்ணிதான்!" என்று நான் அலறினேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும்தான்.

அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது. வெயில், புல் வாசம், பெட்ரோல் வாசம், கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து கத்திய மைனா. எது போனாலும் அந்த முற்பகல் போகவில்லை.

துரை கார் வாசம்

போகாதது இன்னொன்றும் இருந்தது. பொழுது சாயும்வரை வெயிலிலும் காற்றிலும் போட்டும், மறுநாள் காலையில் புடவையிடம் கிட்டப் போனால் லேசாக அந்த நெடி. எரிகிற அளவுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சூசை அண்ணனும் நானும் சத்தியம் செய்தோம். ஆனாலும் அக்கா ஓமகுண்டத்தைச் சுற்றி வந்தபோது, முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாக நானும் கூடவே சுற்றினேன். பெண்ணைவிடத் தோழிக்குத்தான் வெட்கம் அதிகம் என்று யாரோ சொன்னார்கள். வெட்கமா அது!

தாலி ஏறுவதற்கு முன்பே மாப்பிள்ளையின் தாயார் அக்காவின் அருகில் வந்தார். குனிந்தார். முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றுமில்லை. மூக்கைச் சுருக்கினார்.

"என்னா வாசம் இது?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் சூசை அண்ணனைப் பார்த்தேன். சூசை அண்ணன் பந்தக்காலில் சாய்ந்து நின்றிருந்தார்.

"தொரை காரு வாசங்க அம்மா" என்றார்.

அந்தம்மாவின் முகம் மாறியது. "தொரை காரா? பொண்ணு கோயிலுக்குத் தொரை காருலயா வந்துச்சு?"

சூசை அண்ணன் தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெரியப்பா தரையைப் பார்த்தார். அந்தம்மா திரும்பித் தன் ஊர்க்காரர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கொட்டுமேளத்தைக் கொட்டச் சொன்னதே அவர்தான்.

சித்தியவானில் பாக்கியம் அக்காவுக்கு இன்றைக்கும் "காருல வந்த மருமக" என்றுதான் பெயர்.

தூளி

அந்தப் புடவை அதற்குப் பிறகு தண்ணீரைத் தொடவில்லை. தொடவிட்டதில்லை அக்கா. தீபாவளிக்குக் கட்டுவாள், நிழலில் உலர்த்துவாள், வேப்பிலை போட்டு மடிப்பாள். மழை வருவதுபோல் இருந்தால் கட்டவே மாட்டாள்.

பிள்ளை பிறந்து தூளி கட்டும் நாளில் சித்தியவானுக்குப் போயிருந்தேன். கூறைப் புடவையில்தான் முதல் தூளி கட்ட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். உத்தரத்திலிருந்து அந்தச் சிவப்பு தொங்கிக்கொண்டிருந்தது. முத்தையா மச்சான் ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

அக்கா என் காதருகே, "ஒனக்குத் தெரியும்ல, என்னா ஆவப்போவுதுன்னு?" என்றாள்.

"தெரியும்க்கா."

"எனக்குந் தெரியும்டி" என்றாள். சிரித்தாள்.

ஆகவேண்டியது ஆயிற்று. தூளிக்கு அடியில் முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. தரையில் ரோஜா நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள்.

"ஐயையோ, கூறைப் பொடவ!" என்று பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கையில் பாதி எலுமிச்சம்பழம்.

"அம்மா," என்றாள் அக்கா, "அத மொதல்ல கீழ வை."

பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டாள். இடுப்பிலிருந்து முதுகு வரை புதுச் சிவப்பு, விடியற்கால வானம்போல். ஈரத் துணியால் துடைத்தேன். சிவப்பு மறுக்காமல் தண்ணீரோடு வந்தது. தூளியில் அவன் படுத்திருந்த இடம் மட்டும் வெளிறி, பிள்ளை அளவுக்கு ஓர் உரு விழுந்திருந்தது.

அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். அன்று கோயில் படியில் கறையைச் சுற்றி விரலால் வட்டம் போட்டதுபோலவே, அந்த உருவைச் சுற்றி மெதுவாக ஒரு கோடு இழுத்தாள்.

"இத எடுக்க ஏதாச்சும் இருக்காடி?"

"இல்லக்கா. போனது போனதுதான்."

"நல்லது" என்று புடவையை அப்படியே உலரப் போட்டாள்.